சிங்கிள் ஸ்டேஜ்ல இருந்து மாறலாமா? 9 மிமீக்காக பிரஸ் அப்கிரேட் பண்றதுல ஒரே குழப்பம்

ஒத்தைலீவர்:
எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா ஒரே ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான் (ஒரு நேரத்துல ஒரே ஒரு டை, அதாவது கேஸ அமுக்கற அச்சு, மாட்டற லீவர் மெஷின்) வெச்சிருக்கேன், .308 ரைபிள் ரவுண்டு, 9 மிமீ பிஸ்டல் ரவுண்டு ரெண்டையும் அதுலயே ரீலோட் பண்றேன், அதாவது சுட்ட காலி கேஸ்ல புது பிரைமர் (அடியில தீ மூட்டற சின்ன மூடி), பவுடர், புல்லட் வெச்சு திரும்ப ரவுண்டாக்கறேன். .308 மாசத்துக்கு நாப்பது அம்பதுதான் போகும், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, உக்காந்து ஒவ்வொண்ணா பண்றதே மனசுக்கு நல்லா இருக்கு. பிரச்சனை 9 மிமீதான். மேட்ச்சுக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து மாசம் அறுநூறு ரவுண்டு வேணும், ஒரு கேஸுக்கு சைஸ் பண்ண (விரிஞ்சத பழைய அளவுக்குக் கொண்டு வர) ஒரு தடவ, வாய் விரிக்க ஒரு தடவ, புல்லட் உக்கார வைக்க ஒரு தடவ, கிரிம்ப்புக்கு (வாய இறுக்க) ஒரு தடவன்னு நாலு தடவ லீவர இழுக்கணும், அறுநூறுக்கு கணக்கு போட்டா 2400 இழுப்பு வருது, தோள்பட்டை வலிக்குதுங்கறத விட லீவு நாள் பூரா அதுலயே போயிடுதுங்கறதுதான் கஷ்டமா இருக்கு.

டரட் (எல்லா டையும் ஒரே சுத்தற தலையில மாட்டி வைக்கற பிரஸ்) வாங்கவா, நேரா ப்ரோக்ரஸிவுக்கே போயிடவா? ப்ரோக்ரஸிவ்ல ஒரே இழுப்புல நாலஞ்சு வேலை சேர்ந்து நடக்குது, அதுல எங்கயாவது ஒரு கேஸ்ல ரெண்டு தடவ பவுடர் விழுந்துட்டா என்ன ஆகும்னு நெனச்சாலே பயமா இருக்கு. இப்ப அம்பது கேஸ பிளாக்ல அடுக்கி வெச்சு டார்ச் அடிச்சு உள்ள பாத்துட்டுதான் புல்லட்டே வைப்பேன், அந்த நிம்மதி போயிடுமோன்னுதான் யோசனை. ரெண்டையும் ஓட்டினவங்க சொல்லுங்க.

கேஸ்கேஜ்:
எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க நண்பரே. அடுத்த தடவ நூறு ரவுண்டு போடறப்ப போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் எத்தன நிமிஷம் ஆகுதுன்னு தனித்தனியா எழுதி வைங்க. நேரம் முழுக்க லீவர்லதான் போகுதுன்னு நாம நெனச்சுக்கறோம், பாதி பேருக்கு அது உண்மையே இல்ல. தராசு, பிரைமர், கேஸ் பொறுக்கி பிரிக்கறது, டை மாத்தி மாத்தி செட் பண்றதுன்னு வேற எங்கயோ போயிட்டிருக்கும். அந்த இடத்த கண்டுபிடிக்காம புது பிரஸ் வாங்கினா பழைய தாமதம் அப்படியே கூட வரும்.

பொதுவா சொல்லணும்னா சிங்கிள் ஸ்டேஜ்ல மணிக்கு 50ல இருந்து 100 வரைக்கும், டரட்ல 150, 200 கிட்ட, ப்ரோக்ரஸிவ்ல 400க்கு மேல. ஆனா இது எல்லாம் தயாரா இருக்கறப்ப ஓடற வேகம். பிரைமர் டியூப் நிரப்பறது, நடுவுல சிக்கினா சரி பண்றது எதுவும் இதுல சேராது.

அஞ்சுஸ்டேஷன்:
நான் ஆறு வருஷமா தானா சுத்தற அஞ்சு ஸ்டேஷன் (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எடம்) ப்ரோக்ரஸிவ் ஓட்டறேன், மாசம் ஆயிரத்துக்கு மேல போடறேன், இத விட்டுட்டு பின்னாடி போக மாட்டேன். ஆனா உங்க பயம் நியாயமான பயம், அதனால எனக்கு நடந்தத சொல்லிடறேன்.

வாங்கின மூணாவது மாசம் ஒரு பிரைமர் சரியா உக்காரல, லீவர் பாதியில நின்னுச்சு. நான் ஷெல் பிளேட்ட (கேஸையெல்லாம் தாங்கி சுத்தற தட்டு) கையால ஒரு ஸ்டேஷன் பின்னாடி திருப்பி, அந்த கேஸ எடுத்து சரி பண்ணி திரும்ப வெச்சு அப்படியே ஓட்டிட்டேன். அந்த குழப்பத்துல ஒரு கேஸ் பவுடரே விழாம அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு, எனக்குத் தெரியல. ரேஞ்சுல சுடறப்ப வழக்கமான சத்தம் இல்லாம 'டப்'புனு ஒரு மொண்ண சத்தம், கையில உதையே இல்ல. பக்கத்துல நின்னவர் "நிறுத்து"ன்னு கத்தலன்னா ஸ்லைட இழுத்து அடுத்ததையும் சுட்டிருப்பேன். கழட்டிப் பாத்தா புல்லட் பேரல்ல ரெண்டு அங்குலம் உள்ள போய் மாட்டிட்டிருக்கு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு போயிருந்தா பேரலே பிளந்திருக்கும். அன்னிக்கு ராத்திரி அந்த பேட்ச்ல மிச்சமிருந்த இருநூறையும் சுத்தியல் புல்லர்ல (புல்லட்ட வெளிய வர வைக்கற சுத்தியல் மாதிரி கருவி) தட்டித் தட்டி ஒவ்வொண்ணா பிரிச்சேன், மணி மூணு ஆயிடுச்சு.

அதுல இருந்து ஒரே பழக்கம்தான். லீவர் எந்தக் காரணத்துக்காக பாதியில நின்னாலும் பிளேட்ல இருக்கற எல்லா கேஸையும் வெளிய எடுத்துடுவேன், பவுடர கொட்டிடுவேன், காலி பிளேட்ல இருந்து திரும்ப ஆரம்பிப்பேன். பின்னாடி திருப்பறதே கிடையாது. புல்லட் வைக்கற ஸ்டேஷனுக்கு நேரா ஒரு சின்ன எல்ஈடி மாட்டியிருக்கேன், கேஸ்குள்ள பவுடர் மட்டத்த கண்ணால பாக்காம புல்லட் வைக்க மாட்டேன். அஞ்சாவது ஸ்டேஷன் இருந்தா பவுடர் செக் டையும் (பவுடர் மட்டத்த காட்டற டை) போடலாம், ஆனா கண்ணுக்கு அது மாற்று இல்ல.

இன்னொண்ணு, கேஸ்ல பாதிக்கு மேல நிரப்பற மாதிரி பருமனான பவுடரா எடுங்க, லோட் அளவு மட்டும் மேனுவல்ல இருக்கற படி. ரெண்டு தடவ விழுந்தா வழிஞ்சு பிளேட்ல கொட்டி தானே காட்டிக் குடுத்துடும். சீக்கிரம் எரியற சில பவுடர் 9 மிமீ கேஸ்ல ரெண்டு மடங்கு விழுந்தாலும் உள்ளயே அடங்கிடும், அதுதான் ஆபத்து.

அப்புறம் டில்லன் 550 மாதிரி கையால சுத்தற பிரஸ் பாத்தீங்கன்னா, சுத்த மறந்துட்டு திரும்ப லீவர இழுத்தாலே அதே கேஸ்ல ரெண்டாவது தடவ பவுடர் விழும். தானா சுத்தறதுல அந்தத் தப்பு குறைவு, ஆனா சிக்கினா சிக்கல் பெருசு. ரெண்டுக்கும் கவனம் வேற வேற எடத்துல வேணும்.

பொறுமை308:
தம்பி, எது வாங்கினாலும் சிங்கிள் ஸ்டேஜ வித்துடாத. நான் வித்துட்டு ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப வாங்கினேன். .308க்கு லூப் (வழுக்கறதுக்கான மசகு) தடவி சைஸ் பண்ணி, நீளம் பாத்து ட்ரிம் பண்ணி, வாய ஓரம் எடுத்து, பவுடர தராசுல நிறுத்துன்னு போறதுக்கு அதுதான் சரியா இருக்கும், அங்க வேகம் எதுக்கு? ஒரே ஒரு தப்பான ரவுண்ட பிரிக்கணும்னா கூட அதுதான் கைகுடுக்கும். 9 மிமீக்கு கார்பைடு டை (ரொம்ப கடினமான உள்வளையம் வெச்ச டை) இருந்தா லூப்பே வேணாம், அதனால அத மட்டும் வேற பிரஸ்ல பிரிச்சு வெச்சுக்கோ.

இன்னொரு விஷயம், புதுசு வாங்கறப்ப மேசையையும் சேர்த்து யோசி. ஆடற மேசையில ப்ரோக்ரஸிவ் வெச்சா ஒவ்வொரு அதிர்வுக்கும் கேஸ்ல இருந்து பவுடர் சிந்தும். பிரைமர் டியூப்ல ஒரே நேரத்துல நூறு நிக்கும், எல்லாம் வெடிக்கற சாமான், அதனால லீவர் இறுகினா அழுத்தவே கூடாது, கண்ணாடி போடாம கிட்டயே போகாத.

ஒத்தைலீவர்:
கேஸ்கேஜ் சொன்ன மாதிரியே நேத்து ஸ்டாப்வாட்ச் போட்டு நூறு ரவுண்டு போட்டேன். மொத்தம் 130 நிமிஷம். சைஸ் பண்ண 17, கைக்கருவில பிரைமர் 15, வாய் விரிக்க 14, பவுடர் 34, புல்லட்டும் கிரிம்ப்பும் சேர்த்து 24, டை மாத்தி செட் பண்ண 11, கேஜ்ல (ரவுண்டு அளவு சரியான்னு பாக்கற குழல்) போட்டுப் பாக்க, கலந்து கெடந்த .380 கேஸ (9 மிமீ மாதிரியே தெரியற குட்டை கேஸ்) பொறுக்கி எடுக்க 15. உண்மையிலேயே அதிர்ச்சியா இருக்கு, பவுடர்தான் முதல்ல வருது, ஏன்னா .308க்குப் பண்ற மாதிரியே 9 மிமீக்கும் ஒவ்வொண்ணையும் தராசுல வெச்சுட்டிருக்கேன்.

கேஸ்கேஜ்:
அதான் பாத்தீங்களா. நாலு ஓட்டை டரட்ல வாய் விரிக்கற டை வழியாவே பவுடர் விழற மாதிரி மெஷர் (பவுடர அளந்து விடற கருவி) மாட்டினா அந்த 14ம் 34ம் ஒரே இழுப்பாயிடும். முதல் பத்த தராசுல நிறுத்துப் பாருங்க, அப்புறம் பத்துக்கு ஒண்ணு போதும். சைஸ் பண்ணிட்டு ராம் (கேஸ மேல தூக்கற தண்டு) கீழ வர்றப்பவே பிரைமரும் ஏறிடும், அந்த 15ம் போச்சு. டை எல்லாம் டரட் தலையிலயே செட் ஆகி இருக்கறதால 11ம் போச்சு. லீவர் நாலு தடவ இழுக்கறது மாறாது, ஆனா கேஸ திரும்பத் திரும்ப எடுத்து வைக்கற வேலை இல்ல. நீங்க கேட்ட நிம்மதியும் இருக்கு, எந்த நேரத்துலயும் உங்க கையில ஒரே ஒரு கேஸ்தான், பவுடர் விழுந்ததும் அதுக்குள்ள பாத்துட்டு அப்புறம் புல்லட் வைக்கலாம்.

மாசம் அறுநூறுக்கு இது போதும்னு எனக்குத் தோணுது. ஆயிரத்து ஐநூறு ஆச்சுன்னா அப்ப ப்ரோக்ரஸிவ் பத்திப் பேசலாம்.

அஞ்சுஸ்டேஷன்:
ஒத்துக்கறேன். நான் ப்ரோக்ரஸிவ் ஆளுதான், ஆனா அறுநூறுக்கு டரட் சரி. ஒரே ஒரு ஆலோசனை, 7/8-14 மரை (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுத்து) இருக்கற டைய எடுக்கற டரட்டா பாருங்க, இப்ப இருக்கற டை எல்லாம் அப்படியே ஏறிடும், பின்னாடி ப்ரோக்ரஸிவ் வாங்கினாலும் பெரும்பாலும் செல்லும்.

ஒத்தைலீவர்:
சரி, டரட்தான்னு முடிவு பண்ணிட்டேன், சிங்கிள் ஸ்டேஜ் .308க்கு அதே எடத்துலயே இருக்கும். பொறுமை308 அண்ணா சொன்ன பிறகு மேசைய ஆட்டிப் பாத்தேன், நல்லாவே ஆடுது. முதல்ல அத செவுத்தோட சேத்து போல்ட் போடறேன், பிரஸ் அப்புறம். முதல் அம்பது ரவுண்டு போட்டுட்டு அதே ஸ்டாப்வாட்ச் கணக்கோட இங்க வந்து எழுதறேன்.