புதுப்பிப்பு: குயிலி திரும்பி வந்துவிட்டாள்

ஸ்டாண்டிலிருந்து விழுந்து என் கிட்டார் குயிலியின் கழுத்து விரிசல் விட்டதையும், பழுதுபார்ப்பவர் "புதுசே வாங்கிடுங்க" என்றதையும் போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். கிட்டாருக்குப் பெயர் வேறயா என்று சிலர் சிரித்தீர்கள்.

சரி, அவரே மனமிரங்கி ஒட்டிக் கொடுத்துவிட்டார். விரிசலுக்குள் பசையை இறக்கி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்தாராம். கழுத்தின் பின்னால் கட்டைவிரலை ஓட்டினால் மயிரிழை போல ஒரு தழும்பு தட்டுகிறது. வாசிக்கும்போது விரல் தானாக அங்கேதான் போகிறது.

சிரித்தவர்களுக்கு ஒன்று. 1949-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற ஊரில், ப்ளூஸ் இசைக் கலைஞர் பி.பி. கிங் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த மண்டபம் தீப்பிடித்தது. வெளியே ஓடி வந்தவர், கிட்டாரை எடுக்க மறுபடி நெருப்புக்குள் நுழைந்தார். தீக்குக் காரணம் லூசில் என்ற பெண்ணுக்காக இருவர் போட்ட சண்டை. இனி இந்த மாதிரி முட்டாள்தனம் கூடாது என்று தனக்கே நினைவூட்டத்தான் கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார். (நினைவூட்டலுக்கு வைத்த பெயர்தான், அப்புறம் வாசித்த கிட்டார்கள் எல்லாமே லூசில்தான்!)

குயிலியின் இரண்டாவது தந்தி மட்டும் இன்னும் சுருதியில் நிற்க மாட்டேன் என்கிறது. கீழே போட்ட கோபம் போல.