கோத்தகிரியில் இருந்தபடியே அஃபிலியேட் வருமானம்: நடக்குமா, நடக்காதா?

தேயிலைக்காரி (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. பச்சை இலைக்கு ஃபேக்டரியில் கொடுக்கிற விலையில் பறிகூலியும் உரமும் போக என்ன மிஞ்சும் என்று மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை சின்னது, வேலைக்கென்று மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்வர முடியாது. தெரிந்த பெண் ஒருத்தி ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டாள். 4,999 ரூபாய் கட்டினால் அஃபிலியேட் மார்க்கெட்டிங், அதாவது அடுத்தவர் பொருளின் லிங்க்கைப் பகிர்ந்து, அதில் விற்றால் கமிஷன் வாங்குவது எப்படி என்று சொல்லித் தருவார்களாம். அப்புறம் போனில் லிங்க் அனுப்பியே மாதம் 30,000 பார்க்கலாமாம். கட்டலாமா?

குன்னூர் கணக்குப்பிள்ளை

கட்டாதீர்கள் அம்மா. எந்தப் பொருளின் லிங்க்கை அனுப்பச் சொல்வார்கள் என்று முதலில் கேளுங்கள். அநேகமாக அதே 4,999 ரூபாய் பயிற்சியின் லிங்க்காகத்தான் இருக்கும். நீங்கள் நாலு பேரைச் சேர்த்தால் உங்களுக்குப் பங்கு, அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைப் பிடிக்க வேண்டும். பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டம் கூடாது என்கின்றன. போனில் வந்தால் அது வேறு தொழில் ஆகிவிடுமா?

என்னைக் கேட்டால் அஃபிலியேட்டே வெறும் கண்கட்டு வித்தை. எவனோ விற்கிற பொருளுக்கு ஓசியில் விளம்பரம் செய்து கொடுக்கிற வேலை.

சிகரம் தொடுவோம்

சார், தெரியாமல் பேசாதீர்கள். நானும் அப்படி ஒரு பயிற்சியில்தான் இருக்கிறேன். காலேஜுக்குக் காசு கட்டவில்லையா? பயப்படுகிறவர்கள் கடைசிவரை இலை பறித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அக்கா, தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

வட்டக்கானல் வாசி

இலை பறிப்பதை அவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம் தம்பி. நாலு பேரைச் சேர்த்துவிட்டால்தான் கட்டிய பீஸ் திரும்பும் என்று எந்தக் காலேஜும் பையன்களிடம் சொல்வதில்லை.

ஆனால் கணக்குப்பிள்ளை ஐயா எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமேசான் 1996-லிருந்து அஃபிலியேட் நடத்துகிறது, சேரக் காசு கிடையாது. காசு கேட்கிற இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் தேவைப்படும் பொருட்களைப் பற்றி நான் எழுதுகிறேன், யூடியூபிலும் காட்டுகிறேன். ரூம் ஹீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர் 'அழகான டிசைன்' என்று முடித்துவிடுவார். 2000 வாட்ஸ் ஹீட்டர் 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கிற 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் அதை மாட்டினால் பிளக் உருகும், 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ஃபேன் ஹீட்டர் சட்டென்று சூடு தரும், நிறுத்தியதும் அறை குளிர்ந்துவிடும். ஆயில் ஹீட்டர் சூடேற நேரம் எடுக்கும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பு நிற்கும். ஐப்பசி மழையில் கரண்ட் போய்விட்டால் இரண்டும் தண்டம், கம்பளிதான் கதி. இதையெல்லாம் மலையில் குடியிருப்பவர்தான் எழுத முடியும். படித்துவிட்டு ஒருவர் என் லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன். அதற்காக வாங்குகிறவருக்கு விலை ஏறாது.

குன்னூர் கணக்குப்பிள்ளை

பிளக் பாடம் நன்றாக இருக்கிறது. எவ்வளவு வருகிறது, அதைச் சொல் தம்பி.

வட்டக்கானல் வாசி

குளிர் தொடங்கும்போது கேஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் கட்டி மேலேயும் கொஞ்சம் நிற்கும். கோடையில் போன் ரீசார்ஜுக்கு ஆகும், அவ்வளவுதான்.

குன்னூர் கணக்குப்பிள்ளை

அதைத்தான் நானும் சொல்கிறேன். 3,000 ரூபாய் ஹீட்டருக்கு 5 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். 150 ரூபாய். 30,000 வேண்டுமென்றால் மாதம் 200 ஹீட்டர் போக வேண்டும். லிங்க்கைத் தட்டுகிற நூறு பேரில் இரண்டு பேர் வாங்குவதாக வைத்தால் 10,000 பேர் தட்ட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் ஜனத்தொகையே 36,000 சொச்சம்!

அதற்கு மேல் அமேசான் போடுகிற நிபந்தனைகள். தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போடாவிட்டால் உனக்குப் பங்கில்லை. பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீயே உன் லிங்க்கில் வாங்கிச் சமாளிக்கவும் முடியாது.

வட்டக்கானல் வாசி

நிபந்தனை எல்லாம் சரிதான் ஐயா. 30,000 என்று நான் எங்கே சொன்னேன்? படிக்கிறவர்களும் கொடைக்கானல்காரர்கள் மட்டும் இல்லை. ஊட்டி, ஏற்காடு, வால்பாறையில் இருப்பவர்கள், பெங்களூரில் இருந்துகொண்டு இங்கே வீடு வாங்கிப் போட்டவர்கள் எல்லாம் உண்டு. ஹீட்டர் பார்க்க வந்தவர் குக்கர் வாங்கிக்கொண்டு போனாலும் எனக்குக் கமிஷன் உண்டு.

தாண்டிக்குடி காப்பி

நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். கையில் தேயிலையை வைத்துக்கொண்டு அந்தம்மா ஏன் ஹீட்டர் விற்க வேண்டும்? நாங்கள் எங்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து பார்சலில் அனுப்புகிறோம். சிறு வியாபாரத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். கமிஷன் என்ன கமிஷன், முழு லாபமும் உங்களுக்கே.

தேயிலைக்காரி

காப்பி அண்ணா, ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். மாமியார் கையால் உருட்டிக் காயப் போட்டுப் பார்த்தார். பனியும் மழையும் விடாத நாளில் இலை காயாமல் ஒரு புளித்த வாடை வந்துவிடுகிறது. இயந்திரம் வாங்க வசதி இல்லை.

அப்புறம், கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி எந்தப் பொருளின் லிங்க் என்று குழுவில் கேட்டேன். "முதலில் சேருங்கள் மேடம், ஸூம் மீட்டிங்கில் சொல்கிறோம்" என்றார்கள். மறுபடியும் கேட்டேன், குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

குன்னூர் கணக்குப்பிள்ளை

சனி விட்டது. உங்களைச் சேர்த்த பெண் பணம் கட்டியிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்து புகார் கொடுக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சிகரம் தொடுவோம்

ஒரு குழுவை வைத்து எல்லோரையும் எடைபோடாதீர்கள்.

வட்டக்கானல் வாசி

சரி தம்பி, உங்கள் பயிற்சியில் எந்தப் பொருள் விற்கிறீர்கள்? இங்கேயே எழுதுங்கள், தனிச் செய்தியில் வேண்டாம்.

தேயிலைக்காரி அக்காவுக்கு: ஹீட்டரை என்னிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்தது தோட்டம். கவாத்துக் கத்தி, பேட்டரி ஸ்ப்ரேயர், கம்பூட்ஸ், மழைக்கோட்டு. எந்த ஸ்ப்ரேயர் முதுகில் ஒழுகும், எந்தக் கோட்டு முள்ளில் மாட்டினால் கிழியும் என்று உங்களைவிட யார் சொல்ல முடியும்? லிங்க்குக்குப் பக்கத்திலேயே 'இதில் எனக்குக் கமிஷன் உண்டு' என்று போட்டுவிடுங்கள். விளம்பரம் என்பதை மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடிப்பார்கள், பான் இல்லாவிட்டால் அதுவே 20 சதவீதம்.

குன்னூர் கணக்குப்பிள்ளை

டிடிஎஸ் பிடிக்கிற அளவுக்கு வரட்டும், பார்க்கலாம். இப்போது கூகுளே தேடல் பக்கத்தின் மேலே பதிலை எழுதிக் காட்டிவிடுகிறது. உன் கட்டுரை வரைக்கும் யார் இறங்கி வரப் போகிறார்கள்?

வட்டக்கானல் வாசி

அந்த அடி எனக்கும் விழுந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் வீடியோ பக்கம் போனேன். தண்ணீர் ஒழுகுவதைக் கண்ணால் பார்த்தால்தானே நம்புவார்கள்.

தேயிலைக்காரி

எங்கள் 16 லிட்டர் ஸ்ப்ரேயரில் மூடி வாஷர் பக்கமாகவே ஒழுகும், சேலை முழுக்க மருந்து. முகம் காட்டாமல் எடுத்தால் பார்ப்பார்களா அண்ணா?

வட்டக்கானல் வாசி

கையும் ஸ்ப்ரேயரும் தெரிந்தால் போதும் அக்கா. ஆனால் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள், முதல் பணம் வரவே மாதங்கள் ஆகும்.

குன்னூர் கணக்குப்பிள்ளை

ஒழுகாத ஸ்ப்ரேயர் எது என்று கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள் அம்மா, மச்சான் தோட்டத்திலும் அதே தொல்லை. லிங்க் எல்லாம் வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும், மேட்டுப்பாளையத்தில் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.