நீல மேடு, மஞ்சள் முண்டு: ஃபிலிடியா வெரிகோசாதானா?

மீன்முள்
திருகோணமலை புறாத்தீவுப் பவளப்பாறை, 7 மீட்டர் ஆழம். ஓடில்லாத கடல்நத்தை ஒன்று பார்த்தேன். ஊரும்போது நீளம் சுமார் 6 செ.மீ. கருப்பு முதுகில் நீளவாட்டில் நீலச்சாம்பல் மேடுகள், அவற்றின் மேல் மஞ்சள் நுனி முண்டுகள் (புடைப்புகள்). தலையிலுள்ள உணர்கொம்பும் மஞ்சள். முதுகில் செவுள் இல்லை. மேலிருந்து எடுத்த படங்கள் மட்டுமே உண்டு. ஃபிலிடியா வெரிகோசா என்ற இனமாகப் பதியலாமா?

ஆழி
குடும்பம் சரி. ஃபிலிடியிடே நத்தைகளுக்குச் செவுள் மேலங்கி (முதுகை மூடும் தோல்) விளிம்புக்கு அடியில், பாதத்தின் இருபுறமும் இலை அடுக்கு மாதிரி இருக்கும். உணர்கொம்பு மஞ்சள் என்றால் இதே குடும்பத்து ஃபிலிடியெல்லா பஸ்டுலோசா இல்லை, அதற்குக் கருப்பு. ஆனால் டார்ச் அடித்த படத்தை வைத்து நிறம் சொல்லுங்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் அந்த ஆழத்தில் சிவப்பு மங்கி எல்லாம் நீலம் பாரிக்கும்.

குழப்ப மிஞ்சுவது ஃபிலிடியா சீலெஸ்டிஸ். அதன் நடுமுதுகில் பெரிய மஞ்சள் முண்டுகள் கருப்புப் பட்டையின் மேலேயே நிற்கும். வெரிகோசாவில் முண்டுகள் மேடுகளின் மேல். மேடுகள் 3 முதல் 6. உறுதிப்படுத்துவது உள்ளங்கால்தான்: வெரிகோசாவுக்கு நடுவே நீளமாக ஒரு கருங்கோடு, சீலெஸ்டிஸுக்குக் கிடையாது.

பவளத்திட்டு
அந்தக் கருங்கோடு ஒன்றையே நம்ப வேண்டாம், ஃபிலிடியா எலெகன்ஸுக்கும் அது உண்டு. அதன் முண்டுகள் இளஞ்சிவப்புச் சாயலோடு இருக்கும், இப்படி நீண்ட நீல மேடுகளாக ஓடாது. முதுகு, உள்ளங்கால் இரண்டும் சேர்ந்தால்தான் பெயர்.

மீன்முள்
உள்ளங்காலை எப்படிப் படம் எடுப்பது?

ஆழி
பாறை விளிம்பைத் தாண்டும்போது முன்பாதி தூக்கி நிற்கும். கீழிருந்து டார்ச்சோடு எடுங்கள். புரட்டாதீர்கள், அது தேசியப் பூங்கா. வாளியில் மீனோடு போடவே கூடாது: கடற்பஞ்சிலிருந்து சேர்த்த நஞ்சைச் சளியாக விடும், மீன் செத்துவிடும்.

பவளத்திட்டு
வேறிடத்தில் அனுமதியோடு மாதிரி எடுத்தால், முதலில் உயிரோடு படம். ஆல்கஹாலில் நிறம் போய்விடும். பிறகு மயக்க வேண்டும்: லிட்டர் நன்னீருக்கு 75 கிராம் மக்னீசியம் குளோரைடு கரைத்து, அதே அளவு கடல்நீர் கலந்து அதில் விடுங்கள். தொட்டால் சுருங்காத நிலை வந்தபின் பாதத்து ஓரத்தில் சிறு துண்டு 95% எத்தனாலுக்கு. ஃபார்மலின் பட்ட துண்டு டி.என்.ஏ. வேலைக்கு உதவாது. மயக்காமல் நேரே ஆல்கஹாலில் போட்டால் உணர்கொம்பு உள்ளே இழுபட்டு, அதன் மடிப்புகளை எண்ண முடியாது.

பதிவில் ‘கடலட்டை’ என்று எழுதிவிடாதீர்கள். அது முட்தோலி, இது மெல்லுடலி.