முதியோருக்குத் தனி இடமா, நடக்கத் தக்க தெருவா?

மாம்பலவாசி:
மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் மாநகராட்சியிடம் இரண்டு கோரிக்கைகளை வைக்க இருக்கிறது. பூங்காவின் ஒரு பகுதியை வேலியிட்டு முதியோருக்கென ஒதுக்கி, அங்கே கைப்பிடிக் கம்பியுடன் எட்டு வடிவ நடைபாதை அமைக்க வேண்டும் என்பது ஒன்று. பூங்காவுக்குச் செல்லும் தெருவில் நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும் என்பது மற்றொன்று. எனக்கு 71 வயதாகிறது. பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே நடக்க அஞ்சி, மாலையிலும் வீட்டை விட்டு வெளியே வராத பலரை அறிவேன். ஆகவே இரண்டையும் ஆதரிக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

வாசற்படி:
ஐயா, முதல் கோரிக்கையிலேயே முன்னுரிமை மாறியிருப்பதாக எனக்குப் படுகிறது. என் அம்மாவுக்கு 78 வயது. எங்கள் வீட்டிலிருந்து பூங்கா முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஆனால் நடைபாதையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர் பக்கவாட்டில் திரும்பி, நிறுத்தியிருக்கும் ஏதாவது ஒரு காரின் மேல் கையூன்றி, வலக்காலை முதலில் இறக்கி, சற்று நின்று மூச்சுவிட்டு, பிறகுதான் இடக்காலை இறக்குவார். வீடுகளுக்குள் கார் ஏறுவதற்காக நடைபாதை அங்கங்கே அறுபட்டிருப்பதால், நான்கு வீட்டுக்கு ஒருமுறை இந்தப் பாடு. நடைபாதை ஓரத்து விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. பூங்காவுக்குப் போய்ச் சேரவே முடியாதவருக்கு அங்கே எட்டு வடிவப் பாதை இருந்து என்ன பயன்?

மாம்பலவாசி:
தங்கள் தாயாரின் சிரமம் எனக்கும் உண்டு. ஆனால் தெருவைச் சீர்செய்யக் குடிநீர் வாரியம், மின்வாரியம், மாநகராட்சி என எல்லோரும் ஒத்துவர வேண்டும்; பூங்காவுக்கு ஒரே துறையின் ஆணை போதும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது என்றாலும், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மணலைத் தாண்டி அலையின் அருகே போக முடிந்தது. தனி வசதி வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வாசற்படி:
அந்தப் பாதை அவர்களை எல்லோரும் நிற்கும் அதே கடலுக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடலில் ஒரு பகுதியை வேலி போட்டு அவர்களுக்கு ஒதுக்கவில்லை. நான் கேட்பதும் வேலியை அல்ல, பொது இடத்துக்குப் போய்ச் சேர அப்படியொரு வழியைத்தான்.

கீரைக்கட்டு:
இரண்டாவது கோரிக்கையைப் பற்றி ஒருவரும் பேசாததால் எழுதுகிறேன். நடைபாதைக் கடைகளை அகற்றினால் முதியோருக்கு நன்மை என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் தெருவில் காய்கறி விற்கும் அம்மாளுக்கே அறுபதைத் தாண்டிய வயது. அவர் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் இருக்கும். பென்ஷன் வாங்கப் போய்த் திரும்பும் பெரியவர்கள் அதில் அமர்ந்து, வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி கால்மணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுவார்கள். அந்தத் தெரு முழுவதிலும் உட்கார வேறு இடமே கிடையாது. அவரை அப்புறப்படுத்தினால், அரைக்கிலோ கத்தரிக்காய்க்கு அவர்கள் பெரிய சாலையைக் கடந்து கடைக்குப் போக வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு இடம் வரையறுத்துக் கொடுக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடைபாதையில் ஏற்றி நிறுத்தப்படும் இருசக்கர வாகனங்களுக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை. அகற்றுவதானால் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

மாம்பலவாசி:
முக்காலியை மறுக்கவில்லை. ஆனால் கடைகள் இருபுறமும் பெருகியதால்தான் நாங்கள் சாலையில் இறங்கி, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நடக்கிறோம். எனக்கு அது பிழைப்பா உயிரா என்ற கேள்வி.

வாசற்படி:
பெரிய சாலையைக் கடப்பது பற்றிக் கீரைக்கட்டு சொன்னதைச் சற்று விரிக்கிறேன். சிக்னல் நேரத்தைப் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் நடை வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 18 மீட்டர் சாலைக்கு அது 15 நொடி. என் அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவருக்கு 22 நொடிக்கு மேல் வேண்டும். பச்சை விளக்கு அணையும்போது அவர் சாலைக்குள் ஆறு மீட்டராவது மீதம் வைத்து நிற்பார். சிங்கப்பூரில் முதியோர் தமது பயண அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியும் ஏற்பாடு 2009 முதல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் டெல்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் முதியோரிடமே கேட்டறிந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டியும் உட்காரும் பலகை, கழிப்பறை, கடக்கும் நேரம் போன்றவற்றைத்தான் விரிவாகப் பேசுகிறது. பலகை என்றால் முதுகுச்சாய்வும் கைப்பிடியும் உள்ளதாக இருக்க வேண்டும். கையூன்ற இடமில்லாத சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்தவரை இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கிறது.

மாம்பலவாசி:
கைப்பிடி பற்றிச் சொன்னது என் அனுபவமும்கூட. பூங்காவின் பூட்டிய கழிப்பறையைத் திறக்கக் கேட்பதும் மனுவில் இல்லை, இரண்டையும் சேர்க்கிறேன். வேலியைக் கைவிடச் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். எட்டு வடிவப் பாதையைக் கைவிட மாட்டேன். கடைகள் பற்றிய வரியை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேனே தவிர, என் கருத்து மாறவில்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அளவு நாடாவுடன் பூங்கா வாசலில் இருப்பேன். தங்கள் தாயார் இறங்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினால், விளிம்புக்கல்லின் உயரத்தை அளந்து மனுவில் எழுதிவிடலாம்.

கீரைக்கட்டு:
நானும் வருகிறேன். காய்கறி அம்மாளின் கூடையையும் முக்காலியையும் சேர்த்து அளந்து கொள்ளுங்கள்.