ஹால் ஃபர்னிச்சருக்கு 2.41 லட்சம் சொல்கிறார்கள், நியாயமா? (அவசரம்)

தொடுவெட்டிக்காரன்:
வணக்கம். ஹாலில் டி.வி. யூனிட், செருப்பு அலமாரி எல்லாம் சுவரோடு சேர்த்துச் செய்ய 2.41 லட்சம் கொட்டேஷன் வந்திருக்கிறது. நாளை மாலைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் 5,000 குறைப்பார்களாம். மனைவிக்கு டிசைன் பிடித்துவிட்டது. ரெடிமேட் என்றால் 45 ஆயிரத்தில் முடியும் என்று நான் சொல்கிறேன். எது நல்லது? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாறசாலை_பஸ்:
சுவர் எத்தனை அடி தம்பி? பிளைவுட்டா, எம்.டி.எஃப்.பா, மல்டிவுட்டா? 2.41 வரியோடு சேர்த்தா, இல்லாமலா? இது எதுவும் தெரியாமல் நியாயமா என்று கேட்டால் என்ன சொல்வது?

ரப்பர்தோட்டம்:
நம் கன்னியாகுமரி ஜில்லாவில் இருந்துகொண்டு பிளைவுட்டுக்கு 2 லட்சம் கொடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ரப்பர்வுட் வாங்குங்கள். 25, 30 வருடம் பால் வெட்டி, இனி பால் இல்லை என்று சாய்க்கிற மரம்தான். ஆனால் மருந்து ஏற்றினதா என்று கேட்டு வாங்க வேண்டும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அப்படியே விட்டால் வண்டு துளைக்கும், கறுப்புப் பூசணம் பிடிக்கும். சாய்த்த உடனே அறுத்து போரிக் மருந்தை பிரஷரில் ஏற்றி உலர்த்தியிருந்தால் வீட்டுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். சிட்டவுட்டில் (வாசல் திண்ணையில்) மட்டும் போடக் கூடாது, மழைச்சாரல் பட்டால் மருந்து கரைந்து போய்விடும்.

உளியும்_சுத்தியலும்:
இதே கேள்விக்கு நான் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. அளவு இல்லை, கிரேடு இல்லை, படம் இல்லை. இப்படிக் கேட்டால் கிளி ஜோசியரிடம்தான் போக வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்: எம்.ஆர். என்பது சாதா பிளைவுட். ஐ.எஸ். 710 என்பது மரைன். கடைக்காரர் சொல்கிற 'வாட்டர்ப்ரூஃப்' என்பது கிரேடே இல்லை, அது ஒரு ஆறுதல் வார்த்தை. பெரும்பாவூரிலிருந்து லாரி லாரியாக இறங்குவதெல்லாம் 710 அல்ல, பலகையில் சீல் பார்க்க வேண்டும். 710-க்கான சோதனையில் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம், வெட்டின துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் கொதிக்க வையுங்கள். சாதா பிளைவுட் என்றால் சீக்கிரமே பாளம் பாளமாகப் பிரியும்.

பாறசாலை_பஸ்:
நான் ஒருமுறை குக்கரில் போட்டேன். பிளைவுட் தேறிவிட்டது. குக்கரைத்தான் வீட்டில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சுபா_குலசேகரம்:
தம்பி, பலகை எதுவாக இருந்தாலும் முதலில் அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மறுபக்கம் பாத்ரூம். நல்ல பிளைவுட்தான் போட்டோம், பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. இடவப்பாதி, துலாம் என்று இங்கே வருடத்துக்கு இரண்டு மழை. இரண்டாம் வருடம் டி.வி.க்குக் கீழே சன்மைக்கா கொப்புளம் மாதிரி எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே போகும், எடுத்தால் திரும்ப எழும்பும். என் சின்ன மகளுக்கு அது ஒரு விளையாட்டு. கீழ் டிராயரை இழுத்தால் ஈரச் சாக்கு நாற்றம். ஒருநாள் ஆசாரியை வரவழைத்துக் கழற்றினோம். முன்பக்கத்துப் பலகை தேங்காய் உடைக்கலாம் போல நின்றது, சுவரை ஒட்டின பின்பக்கத்துப் பலகை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஸ்க்ரூ தனியாகக் கையோடு வந்தது. அதில் கறையான் மண் கோடு வேறு, தரையிலிருந்து நேராக மேலே. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் அரை இஞ்ச் இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவர் சொன்னார். செய்தவரும் அவர்தான்.

பாலராமபுரம்_மருமகன்:
ஆஞ்ஞிலி கிடைத்தால் அதில் செய்யுங்கள். எங்கள் பக்கம் தேக்குக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். என் மாமனார் வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் ஆஞ்ஞிலி, ஒரு ஓட்டை இல்லை. இங்கே கேரளத்துக்கு வந்து வாங்கினால் வரியும் குறைவு.

கணக்குப்பிள்ளை:
வரி குறைவு என்பது பழைய கதை சார். 2017 ஜூலைக்குப் பிறகு நெய்யாற்றின்கரையில் வாங்கினாலும் மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் மர ஃபர்னிச்சருக்கு ஒரே ஜி.எஸ்.டி.தான், இப்போது 18 சதவீதம். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். டெம்போ வாடகை தனி.

தொடுவெட்டிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி, கடையில் ஆள் இருந்ததால் பார்க்க முடியவில்லை. சுவர் 12 அடிக்கு 9. செருப்பு அலமாரி 4க்கு 4. பிளைவுட்தான், வாட்டர்ப்ரூஃப் என்றார்கள் (உளி அண்ணன் மன்னிக்கவும்). டி.வி. 55 இஞ்ச். 2.41 வரி உட்பட. மறுபக்கம் பாத்ரூம் இல்லை அக்கா, அடுக்களை. ஒத்தி முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, அதனால் கெட்டுப்போகாமல் நின்றால் போதும்.

கணக்குப்பிள்ளை:
இப்போது கணக்குப் பார்க்கலாம். 12க்கு 9 என்றால் 108 சதுர அடி, அலமாரி 16, ஆக 124. 2.41 லட்சத்தில் 18 சதவீத வரியைக் கழித்தால் ஏறக்குறைய 2,04,200. 124-ல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 1,650. அதாவது தரையிலிருந்து சீலிங் வரைக்கும் முழுச் சுவரையும் பெட்டி ரேட்டில் (கதவு, டிராயர் வைத்த அலமாரியின் ரேட்டில்) அளந்திருக்கிறார்கள். 55 இஞ்ச் டி.வி. 4 அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். அதற்குப் பின்னாலும் சுற்றிலும் இருப்பது வெறும் பலகை. அதில் கதவு இல்லை, டிராயர் இல்லை, கீல் இல்லை. டிசைனில் பாதிச் சுவர் அப்படி இருந்தால் 54 சதுர அடி. அதற்கு 800 போட்டால் போதும். அங்கேயே 45,900 குறைகிறது, வரி தனி. நீங்கள் சொன்ன ரெடிமேட் விலையே அவ்வளவுதான்.

உளியும்_சுத்தியலும்:
ஆஞ்ஞிலியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். நம் பக்கம் கிடைப்பது அயனி. அது வேறு, இது வேறு. குழப்ப வேண்டாம்.

வள்ளவிளை:
எந்த ஊரில் வேறு? மலையாளத்தில் ஆஞ்ஞிலி, நமக்கு அயனி. அயனிச்சக்கை பொறுக்கித் தின்று, கொட்டையை வறுத்துத் தின்று வளர்ந்தவன் சொல்கிறேன், ஒரே மரம். ஆலப்புழையில் ஓட்டுகிற சுண்டன் வள்ளம் என்கிற பந்தயப் படகை இதில்தான் செய்கிறார்கள். தண்ணீரில் கிடக்கிற மரத்தை டி.வி. வைக்கச் சொல்வது வேறு விஷயம்.

உளியும்_சுத்தியலும்:
நிறமே வேறு. 30 வருடமாக அறுக்கிறேன்.

பாலராமபுரம்_மருமகன்:
நடு வைரமும் ஓரத்து வெள்ளையும் ஒரே நிறமாகவா இருக்கும் அண்ணே? வைரம் பாய்ந்த மரம் பொன்னிறம், ஓரத்து வெள்ளை வெளுப்பு. இளம் மரத்தை அறுத்துவிட்டு வேறு மரம் என்கிறீர்கள்.

வள்ளவிளை:
கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அன்றைக்கு மரமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது போல.

உளியும்_சுத்தியலும்:
கேலி செய்வது எளிது. ஆர்ட்டோகார்ப்பஸ் என்றால் பலா வகை. அதில் பல மரம் உண்டு. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரப்பர்தோட்டம்:
ஆர்ட்டோகார்ப்பஸ் ஹிர்சூட்டஸ். இரண்டு பெயருக்கும் அதுதான். சரி, ரப்பர்வுட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பாறசாலை_பஸ்:
ஒரு நிமிஷம். நான் மட்டும்தான் படித்தேனா? தம்பி, 'ஒத்தி முடிய ஒன்றரை வருடம்' என்றால்? வீடு உங்களுடையது இல்லையா?

தொடுவெட்டிக்காரன்:
இல்லை அண்ணே, ஒத்தி வீடு. முதலிலேயே சொல்லவில்லையா?

சுபா_குலசேகரம்:
அய்யோ தம்பி!

பாறசாலை_பஸ்:
ஒத்தி வீட்டுச் சுவரில் 2.41 லட்சத்தை அடித்து வைக்கப் போகிறீர்கள். ஒன்றரை வருடம் கழித்து அதை எங்கே கொண்டுபோவீர்கள்? சுவருக்கு அளவெடுத்துச் செய்தது இன்னொரு சுவருக்குச் சேராது. அங்கே சீலிங் எட்டரை அடி இருந்தால் என்ன செய்வீர்கள்? பிளக் பாயின்ட்டுக்கு வெட்டின ஓட்டை புது வீட்டில் பலகைக்கு நடுவில் வரும். கழற்றினால் சன்மைக்கா ஓரம் சிதறும். கழற்றாமல் விட்டால் வீட்டுக்காரருக்கு ஓசி. 2,41,000-ஐ 18 மாதத்தில் வகுத்துப் பாருங்கள், மாதம் 13,300-க்கு மேல். ஒத்திக்கு வீடு எடுத்ததே வாடகை கொடுக்காமல் இருக்கத்தானே?

கணக்குப்பிள்ளை:
நான் போட்ட கணக்கெல்லாம் வீண். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஒத்திப் பணத்தோடு இதில் பாதியாவது சேர்த்துத் தருவாரா என்று. தருகிறேன் என்றால் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

வள்ளவிளை:
தருவதா? சுவரில் ஓட்டை போட்டதற்கு ஒத்திப் பணத்தில் பிடிக்காமல் விட்டால் பாக்கியம். என் அத்தான் ஒரு டி.வி. பிராக்கெட் அடித்ததற்கு முழு ஹாலுக்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

தொடுவெட்டிக்காரன்:
புரிகிறது. ஆனால் ஆன்லைனில் 12 ஆயிரத்துக்கும் யூனிட் இருக்கிறது, அது போதுமா?

உளியும்_சுத்தியலும்:
பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினது. ஒருமுறை மாட்டினால் நிற்கும். கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பழைய ஓட்டையில் பிடிக்காது. வீடு மாறுகிறவருக்கு அது ஆகாது. கால் வைத்த ஸ்டாண்டாக வாங்குங்கள், தரையிலிருந்து நாலு இஞ்சாவது உயரம் இருக்கட்டும், கீழே துடைப்பம் போக வேண்டும், மண் கோடு ஏறினால் கண்ணில் பட வேண்டும். ரப்பர்வுட்டே போதும்.

ரப்பர்தோட்டம்:
இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளவிளை:
அப்படியே அயனியைப் பற்றியும் ஒரு வார்த்தை.

தொடுவெட்டிக்காரன்:
12 நாள் கழித்து எழுதுகிறேன். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஆறு அடி ரப்பர்வுட் ஸ்டாண்ட் 21,500, செருப்புக்கு இரும்பு ராக் 1,800. டி.வி.யையும் ஸ்டாண்ட் மேலேயே வைத்துவிட்டேன், சுவரைத் தொடவில்லை. மனைவி அந்த டிசைன் படத்தை ஃபோன் வால்பேப்பராக வைத்திருக்கிறார். நன்றி.

சுபா_குலசேகரம்:
நல்லது தம்பி. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளித்தானே போட்டிருக்கிறீர்கள்? ஒரு படம் போடுங்கள்.

சுபா_குலசேகரம்:
தம்பி?