முப்பது பேருக்கு ஒரு ஆயா போதுமாம்!

கன்னங்குறிச்சி நர்ஸம்மா:
ஏற்காட்டில் முதியோர் இல்லம் நடத்தும் "மலைக்காற்று" என்பவர் நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. "30 பேருக்கு ராத்திரியில் ஒரு ஆயா போதும், எல்லாரும் தூங்கத்தானே போகிறார்கள், நர்ஸ் வேண்டும் ஆள் கணக்கு வேண்டும் என்பதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்" என்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லையென்றால் முதுகுக்குக் கீழே புண் வந்துவிடும். ராத்திரி 8 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒருவருக்கே ஐந்து முறை, அப்படி ஆறு பேர் இருந்தால் 30 முறை. 70 கிலோ ஆளை ஒரு ஆயா தனியாகப் புரட்டுவாரா? ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடம் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸ் என்று 2024 அக்டோபரிலிருந்து விதியே இருக்கு. 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் இருக்கணும் என்பது அதற்கு முந்தைய வருஷமே வந்தாச்சு. நாம் கேட்டால் மட்டும் ஃபேஷனா?

மலைக்காற்று:
215 நிமிடம்! அதாவது மூன்றரை மணி நேரத்துக்கும் மேலே. பாட்டி பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து என்ன செய்வாங்க மேடம், பல்லாங்குழி ஆடுவாங்களா? மாசம் 15,000 ரூபாய் என்றாலே இங்கே பிள்ளைகள் முகம் சுளிக்கிறாங்க. பணம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருமா?

ஐந்து ரோடு தம்பி:
ஒரு நிமிஷம். முதியோர் இல்லம் வேற, படுக்கை நோயாளிகளை வைத்துப் பார்க்கிற இடம் வேற, பணக்காரங்க வாங்குற ரிட்டையர்மெண்ட் வீடு வேற. எதைப் பற்றிப் பேசுறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளலாமா?

கன்னங்குறிச்சி நர்ஸம்மா:
பல்லாங்குழியா? குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, சர்க்கரை பார்ப்பது, பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் சேர்ந்துதான் 215 நிமிடம். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு வேளை சாப்பாடு ஊட்ட அரை மணி நேரம் ஆகும் சார், அவசரப்படுத்தினால் புரையேறி நெஞ்சில் சளி கட்டும். உங்க ஆயா எத்தனை நிமிஷத்தில் ஊட்டுறாங்க? அதைச் சொல்லுங்க முதலில்.

சூரமங்கலம் கணக்கர்:
நான் கணக்கு மட்டும் போடுகிறேன். 215ஐ 30ஆல் பெருக்கினால் 6,450 நிமிடம், அதாவது 107.5 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டு என்றால் நாளுக்கு 14 பேர், வார விடுமுறையும் சேர்த்தால் 17 பேர். ஆளுக்கு 12,000 சம்பளம் வைத்தால் 2,04,000 ரூபாய். சாரோட வசூல் 30 பேருக்கு நாலரை லட்சம். மீதி எங்கே போகுது என்று சார்தான் சொல்லணும்.

மலைக்காற்று:
ஆகா, ஆடிட்டர் வந்துட்டார்! வாடகை உங்க தாத்தா கட்டுவாரா? அரிசி, பருப்பு, காய், கேஸ், கரண்ட், வாரம் ஒருமுறை வருகிற டாக்டர், மார்கழிக் குளிரில் ஆளுக்கு ரெண்டு வாளி வெந்நீர், இதெல்லாம் கணக்கில் வராதா? அந்த 12,000க்கு இந்த மலையில் ராத்திரி ஷிப்டுக்கு நர்ஸ் வருவாங்களா? அமெரிக்காவிலேயே 2024ல் இதே மாதிரி ஒருவருக்கு 3.48 மணி நேரம் என்று விதி போட்டார்கள், 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கோர்ட் தூக்கி எறிந்தது. அவங்களாலேயே முடியாதது ஏற்காட்டில் முடியுமா?

கன்னங்குறிச்சி நர்ஸம்மா:
பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பதில் கெட்டிக்காரர். அந்த விதியைப் போட அந்த நாட்டுச் சுகாதாரத் துறைக்கு அதிகாரம் இல்லை என்றுதான் கோர்ட் சொன்னது. கிழவர்களுக்குப் புண்ணே வராது என்று எந்த ஜட்ஜும் எழுதவில்லை. 3.48 மணி என்றாலும் கிட்டத்தட்ட 209 நிமிடம், உங்க நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிற அதே கணக்குதான். 215 வேண்டாம், 100ஆவது கொடுக்கிறீர்களா? ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? காரிடாரில் பாய் போட்டுக் குறட்டை விடுபவரை ஆள் கணக்கில் சேர்க்காமல் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி அக்கா:
எங்க மாமியாரை ஒரு இல்லத்தில் விட்டிருந்தோம், பேர் வேண்டாம். திரும்பக் கூட்டிவந்தபோது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், துணி விலக்கினால் வாடை. கேட்டதற்கு "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்றார்கள். எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்றே தெரியவில்லை. கலெக்டர் ஆபீசா, சமூக நலத்துறையா, போலீசா?

ஐந்து ரோடு தம்பி:
அக்கா, 14567 என்று முதியோர் உதவி எண் ஒன்று இருக்கு. ஆனால் சட்டத்தில்தான் ஓட்டை. 2007 முதியோர் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி அரசு இல்லம் தொடங்கலாம் என்கிறது. அதில் பெரிதாகப் பேசுவது பிள்ளைகள் தரவேண்டிய ஜீவனாம்சம் பற்றி. இல்லங்களைப் பதிவு செய்யணும், குறைந்தபட்சத் தரம் வைக்கணும் என்று 2019ல் கொண்டுவந்த திருத்த மசோதா, 2024ல் மக்களவை கலைந்ததோடு காலாவதி. அதனால்தான் கேட்கிறேன், எது இல்லம், எது...

மலைக்காற்று:
தம்பி, பாடம் எடுக்காதே. அக்கா, உங்க மாமியாருக்கு நான் அனுதாபப்படுகிறேன், ஆனால் மாசத்தில் எத்தனை முறை போய்ப் பார்த்தீங்க? எங்க இல்லத்தில் ஆறு மாசமாக மகன் எட்டிப் பார்க்காத அப்பாக்கள் இருக்காங்க. வீட்டில் 15 நிமிடம் பேசாதவங்க எங்களிடம் வந்து 215 நிமிடம் கேட்கிறாங்க.

அஸ்தம்பட்டி அக்கா:
நான் எத்தனை முறை போனேன் என்று நீங்க யார் கேட்க? பணம் வாங்குகிற கைக்குப் பதில் சொல்கிற வாய் வேண்டாமா?

கன்னங்குறிச்சி நர்ஸம்மா:
பார்த்தீங்களா, பதில் இல்லை என்றதும் பிள்ளைகள் மேல் பழி. ராத்திரி 2 மணிக்கு ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அந்த ஒரு ஆயா என்ன செய்வார்? 108ஐக் கூப்பிடுவாரா, வலிக்கிறவரைப் பிடிப்பாரா, மீதி 29 பேரைப் பார்ப்பாரா? பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் ஜி.எச். சேருவதற்குள் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கீழே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்தாலாவது பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. மலை உச்சியில் இல்லம் வைப்பவர் கூடுதலாக ஒரு நர்ஸாவது வைக்கணுமா இல்லையா?

நாகலூர் நண்பன்:
ஏன், மலையில் ஆஸ்பத்திரியே இல்லையா? ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கு. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்க ஆத்தா அப்பனெல்லாம் எங்கே போறாங்க? சேலத்துக்காரங்களுக்கு ஏற்காடு என்றால் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து ஏரி ஓரத்தில் பிரியாணிப் பொட்டலம் வீசிவிட்டுப் போகிற இடம்.

சூரமங்கலம் கணக்கர்:
குப்பை போட்டது நானா? விடுமுறையில் ரூம் வாடகையை மூணு மடங்கு ஏற்றுகிறவங்க யாரு?

கன்னங்குறிச்சி நர்ஸம்மா:
குப்பைப் பேச்சை அப்புறம் வச்சுக்குங்க. மலைக்காற்று சார், இன்னும் பதில் வரலை. ராத்திரி எத்தனை ஆள்? அந்தப் பக்கம் வேலை பார்த்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள், 8 மணிக்கு மேல் வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் கொண்டுபோய்விடுகிறாராம். உண்மையா?

மலைக்காற்று:
வேலையை விட்டு அனுப்பினவங்க எல்லாம் உங்களிடம் வந்துதான் அழுவாங்களா? கேட்டைப் பூட்டுவது காட்டெருமை வருவதால். மலையில் இருந்து பார்த்திருந்தால் தெரியும். 215 நிமிடம் என்று சட்டம் போட்டால் காட்டெருமைக்கும் ஒரு ஷிப்டு போடுவீங்க போலிருக்கு.

நாகலூர் நண்பன்:
சார், நானும் இந்த மலையில்தான் இருக்கேன். காட்டெருமை எஸ்டேட் பக்கம் வரும், உங்க இல்லம் பஸ் ஸ்டாண்டு பக்கம்தானே?

மலைக்காற்று:
யார் சொன்னது பஸ் ஸ்டாண்டு பக்கம் வராதுன்னு? போன தையில் வந்தது, வீடியோவே இருக்கு.

கன்னங்குறிச்சி நர்ஸம்மா:
வீடியோ எடுத்தது யாரு, ராத்திரி ஆயாவா?