ஆத்தங்குடி டைல் வளைவுச் சோதனை: ஃபேஸ்-ஃபீல்டில் உச்ச சுமை ஏறிக்கொண்டே போகிறது

முத்து, பள்ளத்தூர்:
200 × 200 × 20 மி.மீ. டைல், தாங்கிகளுக்கு இடையே 160 மி.மீ., நடுவில் உருளை. விரிசலைக் கூர்மையான கோடாக இல்லாமல் பரவிய சேதப் பட்டையாகக் காட்டும் ஃபேஸ்-ஃபீல்டு முறையில் இருபரிமாண மாடல். யங் மாடுலஸ் 20 கிகாபாஸ்கல், இழுவிசை வலிமை 4 மெகாபாஸ்கல், முறிவு ஆற்றல் ஒரு சதுர மி.மீ.க்கு 0.03 நியூட்டன் மி.மீ. அதில் ஏடி-2 என்ற வகை, நீள அளவுரு (சேதப் பட்டையின் அகலத்தை நிர்ணயிப்பது) 2 மி.மீ., எலிமெண்டும் (கணக்குக்காகப் பிரித்த சிறு கட்டம்) 2 மி.மீ. உருளையைப் படிக்கு 0.01 மி.மீ. இறக்குகிறேன்.
கைக்கணக்கில் 1,333 நியூட்டன் வருகிறது, சிமுலேஷனில் 2,300. நீள அளவுருவை 1 ஆக்கினால் இன்னும் ஏறுகிறது. உருளைக்கு அடியிலும் சேதம் பரவுகிறது. எங்கே தப்பு?

சிதம்பரம், காரைக்குடி:
தம்பி, ஏடி-2இல் நீள அளவுருதான் வலிமையைத் தீர்மானிக்கிறது. வலிமை அதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். உங்கள் எண்களைப் போட்டால் 2 மி.மீ.க்கு 5.6 மெகாபாஸ்கல் வரும். 4 வேண்டுமானால் நீள அளவுரு 4 மி.மீ. ஆக வேண்டும். இதன் இன்னொரு வகையான ஏடி-1 என்றால் 14 மி.மீ.! டைலின் தடிமனே 20தான், அதில் விரிசல் பட்டை எங்கே அடங்கும்? டைல் ஊற்றுகிற கண்ணாடித் தட்டுக்கு இதே ஏடி-1 கணக்கு 0.08 மி.மீ. அளவில்தான் வரும். அதனால்தான் கண்ணாடிக்கு இந்த மாடல் அழகாக ஓடுகிறது, சிமெண்டுக்குத் திணறுகிறது.

எலிமெண்டும் நீள அளவுருவும் ஒரே அளவாக இருந்தால் முறிவு ஆற்றல் ஒன்றரை மடங்காகிவிடும். சுமை-இறக்க வளைவின் கீழ்ப் பரப்பை எடுத்துப் பாருங்கள். 0.03 × 20 × 200 = 120 நியூட்டன் மி.மீ. வர வேண்டும். 180ஐ ஒட்டி வந்தால் காரணம் இதுதான்.

மீனாட்சி, தேவகோட்டை:
அண்ணே சொன்னது சரி. இந்தப் பொருளுக்கு, வூ என்ற ஆய்வாளரின் கோஹெசிவ் ஃபேஸ்-ஃபீல்டு என்ற வகைக்கு மாறுவதே நல்லது. அதில் வலிமையைத் தனியாகக் கொடுக்கலாம்; நீள அளவுரு 2 மி.மீ.யே இருக்கட்டும், எலிமெண்ட் 0.4. நடுவில் 40 மி.மீ. அகலம் மட்டும் நுணுக்கினால் போதும், 5,000 எலிமெண்ட்தான். மென்மையாதலுக்கு (விரிசல் திறக்கத் திறக்க அது தாங்கும் விசை குறைவதற்கு) கான்கிரீட்டுக்கான கார்னெலிசன் வளைவு. சேதத்தைத் தூண்டுவது பெரும இழுவிசை என்பதால் உருளைக்கு அடியில் வரும் போலிச் சேதமும் பெரும்பாலும் போய்விடும். ஏடி-2லேயே இருந்தால், ஸ்பெக்ட்ரல் பிரிப்பு (இழுவிசைப் பகுதியை மட்டும் சேதத்துக்குக் கணக்கில் எடுக்கும் முறை) போட்டாலும் அங்கே பக்கவாட்டு விரிவால் கொஞ்சம் சேதம் மிஞ்சும். உருளையைச் சுற்றி 5 மி.மீ.க்கு சேதம் பூஜ்யம் என்று கட்டிவிடுங்கள்.

படியளவையும் பாருங்கள். 1,333 நியூட்டனில் இறக்கமே 0.043 மி.மீ.தான்! நீங்கள் நாலே படியில் அங்கே போய்விடுகிறீர்கள். இறக்கம் 0.03 மி.மீ. ஆகும்வரை படிக்கு 0.002, பிறகு 0.0002 மி.மீ. வையுங்கள். ஒவ்வொரு படியிலும் இடப்பெயர்ச்சி, சேதம் என்ற இரண்டு புலங்களையும் மாற்றி மாற்றி, எச்சம் (மீதிப் பிழை) பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே வரும்வரை தீர்க்க வேண்டும். ஒரே சுற்றில் விட்டால் விரிசல் பின்தங்கும், சுமை பொய்யாக ஏறும்.

முத்து:
பரப்பு 183 வந்தது! மாற்றி ஓட்டுகிறேன். 1,333க்குச் சரியாக வர வேண்டுமா?

சிதம்பரம், காரைக்குடி:
வரக் கூடாது. 1,333 என்பது டைலின் அடிப்பக்க இழுவிசை 4 மெகாபாஸ்கலைத் தொட்ட உடனே உடையும் என்ற கணக்கு. இந்தத் தடிமனில் விரிசல் நுனியைச் சுற்றிய மென்மைப் பகுதி சுமையைத் தாங்கிக்கொண்டே வளரும். அதனால் உச்சம் அதற்கு மேலே நிற்கும். கீழே வந்தால்தான் சந்தேகப்படுங்கள்.

மேலே உள்ள வண்ணப் பூச்சு அடுக்கை மறக்காதீர்கள். அதில் சிமெண்ட் அதிகம், காயும்போது அதிகமாகச் சுருங்கும். அடிக்கலவையைவிட 300 மைக்ரோ ஸ்ட்ரெயின் கூடுதல் சுருக்கம் முழுதும் தடுக்கப்பட்டால் 6 மெகாபாஸ்கல் இழுவிசை. தவழ்வு (நீடித்த விசையில் பொருள் மெல்ல இளகுவது) கொஞ்சம் குறைத்தாலும் 4ஐத் தாண்ட வாய்ப்புண்டு. ஊறவைக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து சீக்கிரம் எடுத்து வெயிலில் வைத்த டைலில் முகத்தில் மயிரிழை ஓடுவது இதனால்தான். அந்த அடுக்குக்கு ஆரம்பச் சுருக்கமாக இதைக் கொடுத்து, சமநிலைக்கு விட்டு, அப்புறம் உருளையை இறக்குங்கள். ஊறவைத்த டைலைச் சோதித்திருந்தால் வலிமை, முறிவு ஆற்றல் இரண்டையும் ஈர நிலையிலேயே எடுங்கள். காய்ந்த எண்ணோடு கலக்காதீர்கள்.